எச் போட்ட காகிதம்

இடது கை மேலே போய், உள்ளங்கை வாசலைப் பார்த்து நின்றுவிட்டால் யதுகிரி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்தக் கை இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது. தபால்காரர் ரிஜிஸ்டர் தபாலோடு காத்து நிற்பார். ரத்தம் கொடுக்க வந்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நிற்பார். பரிசோதனை நிலையத்தின் முதலாளி டாக்டர் பசவராஜே ஒருமுறை டெலிபோன் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணைப் பதித்து, மற்றொரு கண்ணையும் மூடாமல் வைத்துக்கொண்டு, "ஹன்னெரடு, ஹதிமூரு" என்று அவள் முணுமுணுப்பது மட்டும் கேட்கும்.

எண்ணுவதற்குக் கன்னடம், ரிப்போர்ட் எழுத இங்கிலீஷ், சண்டை போட வீட்டுத் தமிழ். மேலுகோட்டையிலிருந்து தாத்தா காலத்தில் மைசூருக்குக் குடி வந்த குடும்பம். வயது நாற்பத்தெட்டு. சரஸ்வதிபுரத்தில் இரண்டே அறைகள் கொண்ட அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். பென்சிலைக் காதில் செருகியிருப்பாள். அதைத் தேடி மேஜையெல்லாம் துழாவுவாள். ரத்தம் தடவிய ஸ்லைடை விசிறி மாதிரி ஆட்டி உலர்த்துவாள். "சும்னே ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னார்" என்று யாராவது சொன்னால் போதும். "சும்னேயா? சும்மா யாராவது ஊசியால குத்திப்பாளா?" என்று ஆரம்பித்துவிடுவாள். காலேஜில் படிக்கும் மகள் ப்ரார்த்தனா, "ஒரு நாளாவது யாரோடயும் சண்டை போடாம ஆத்துக்கு வாயேம்மா" என்று கேட்பதுண்டு. அப்படி ஒரு நாள் இதுவரை வாய்க்கவில்லை.

கோபத்துக்கு அவளிடம் காரணங்கள் பல உண்டு. அவற்றில் பெரியது அறையின் மூலையில், துணி உறை போட்டு உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூற்றாறில் டாக்டர் பசவராஜ் வாங்கிய வெளிநாட்டு மெஷின். ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சும். ஒரு நிமிஷத்தில் அத்தனை அணுக்களையும் எண்ணிக் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடும். யதுகிரி அந்த மெஷினை வெறுக்கவில்லை. அவள் ஒரு மணி நேரம் செய்வதை அது ஒரு நிமிஷத்தில் செய்கிறது என்று அவளே சொல்வாள். அவளுக்கு ஆகாதது, எண்ணுக்குப் பக்கத்தில் அது போடும் எழுத்துத்தான். வரம்புக்கு மேலே போனால் எச். கீழே போனால் எல்.

"எவ்வளவு மேல போச்சு, ஏன் போச்சு, யாருக்குப் போச்சுன்னு அது கேக்கறதா? ஒரு எச்சைப் போட்டுட்டு அது பாட்டுக்கு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடும். அதைத் தூக்கிண்டு போறவா ராத்திரி தூங்க வேண்டாமா?"

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, அந்த எச் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடிந்து அவளிடமே திரும்பி வந்தது.

கொண்டுவந்தவள் பெயர் மாரியம்மா. இருபத்தாறு வயது இருக்கும். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரி. மேட்டகள்ளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஹெப்பாளில் மின்சார சுவிட்சு செய்யும் ஃபாக்டரி ஒன்றில் நாலு வருஷமாகத் தினக்கூலிக்குப் பெட்டி கட்டுகிறாள். கூடவே அவள் புருஷன் சித்தையன் வந்திருந்தான். கட்டட வேலைக்காரன். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் உட்காரவில்லை. யதுகிரியின் கை இறங்கும்வரை வாசலிலேயே நின்றார்கள்.

"ஏனுங்க மேடம், இதுல கையெழுத்துப் போட்டது நீங்களுங்களா?" என்று மாரியம்மா கேட்டாள்.

யதுகிரி காகிதத்தைப் பார்த்தாள். "ஆமாம். என்ன?"

"அப்ப எத்தன நாளுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"எதுக்கு எத்தனை நாள்?"

"எனக்குத்தானுங்க."

அவள் அழவில்லை. ரேஷன் கடையில் அடுத்த வாரம் சர்க்கரை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். சித்தையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விஷயத்தை யதுகிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினாள். ஃபாக்டரியில் தினக்கூலி ஆட்கள் அறுபத்து நாலு பேரை வேலைக்கு நிரந்தரமாக எடுக்கிறார்கள். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. அறுபத்து மூன்று பேர் தேறிவிட்டார்கள். மாரியம்மாவின் காகிதத்தில் பிளேட்லெட் ஐந்து லட்சத்து இருபதாயிரம் என்று இருந்தது. பக்கத்தில் எச். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் ஃபாக்டரி டாக்டர் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'ரத்த நோய் சந்தேகம், தகுதியில்லை' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார். ஆபீஸ் குமாஸ்தா அதை மாரியம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது, "ரத்தத்துல பெரிய வியாதியாம், கேன்சராட்டம் ஏதோ" என்றார். அன்று மத்தியானமே பெட்டி கட்டும் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சோற்றுத் தூக்குகளைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"புள்ளைக்கு நாலு வயசுங்க. ஒட்டிக்கிருமோன்னு பயந்து, ராமாபுரத்துல எங்கம்மாகிட்ட உட்டுட்டு வந்துட்டனுங்க. இவுரு மாதேஸ்வரன் மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வந்தாரு."

யதுகிரியின் மூக்குக்கண்ணாடி மேலே ஏறியது. கோபம் வந்தால் அதைத்தான் முதலில் நெற்றிக்கு ஏற்றுவாள்.

"கொழந்தையக் கொண்டு விட்டுட்டியா? யார் சொன்னா விடச் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க. சொல்றதுக்கு ஆளில்லாமத்தான் உட்டுட்டு வந்தேன்."

யதுகிரி எழுந்து வந்தாள். மாரியம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. சோற்றுக் கஞ்சியின் நிறம். கையை வாங்கி நகங்களைப் பார்த்தாள். அவை தட்டையாகி, நடுவில் குழி விழத் தொடங்கியிருந்தன. பிறகு, சம்பந்தமில்லாதது போல ஒன்று கேட்டாள்.

"பச்சையா அரிசி திங்கறியா?"

மாரியம்மா திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "எப்பப் பாத்தாலும் அள்ளி அள்ளித் தின்னுட்டே இருக்குதுங்க. மடியில முடிஞ்சு வெச்சுக்கிட்டு வேலைக்குப் போகுது. நாஞ் சொன்னாக் கேக்காது."

"மாசா மாசம் எத்தனை நாள் போறது உனக்கு?"

மாரியம்மா தலையைக் குனிந்து, ஏழெட்டு நாள் என்று விரலால் காட்டினாள்.

யதுகிரி அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை மேலிருந்து படித்தாள். ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்கு ஆறு வரி மேலே, ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று என்று இருந்தது. பக்கத்தில் எல். அதற்கு வட்டம் இல்லை. சிவப்பு மை அந்தப் பக்கமே போகவில்லை. கடைசி வரிக்குக் கீழே யதுகிரியின் கையெழுத்து இருந்தது.

அந்தக் கையெழுத்துத்தான் அவளைச் சுட்டது. ஃபாக்டரியிலிருந்து ஐஸ் பெட்டியில் அறுபத்து நாலு குப்பிகள் வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அத்தனைக்கும் ஸ்லைடு போட நேரமில்லை, மெஷின் சொல்வதே போதும் என்று டாக்டர் பசவராஜ் சொல்லிவிட்டார். அவளும் சாயங்காலம் ஐந்தரைக்குள் அறுபத்து நாலு காகிதங்களிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பார்க்காமல் போட்ட கையெழுத்து. அத்தனை வருஷத்தில் செய்யாத வேலை.

"உக்காரு. மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"எடுக்கறதுக்கு ரத்தம் இருக்குதுங்களா?"

"இருக்கு. பேசாம உக்காரு."

ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, ஆட்டி உலர்த்தி, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து அவள் குனிந்தாள். இடது கை மேலே போயிற்று. சிவப்பணுக்கள் சின்னதும் பெரிதுமாக, நடுவில் வெளிறி, ஓட்டை வளையல்கள் மாதிரி கிடந்தன. அவற்றுக்கிடையில் ஊதாப் பொடியாகப் பிளேட்லெட்டுகள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒழுங்கான உருவம். ராட்சச அணுக்கள் இல்லை, இருக்கக் கூடாத இளம் அணுக்கள் இல்லை. பிறகு கட்டம் போட்ட கண்ணாடியில் ரத்தத்தை நிரப்பி, கையால் எண்ணினாள். சந்தேகத்துக்கு இரண்டாம் முறை எண்ணினாள். நாலு லட்சத்து அறுபதாயிரம்.

கை இறங்கியது.

"நான் டாக்டர் இல்லை. அதை மொதல்ல தெரிஞ்சுக்கோ. மருந்து நான் சொல்ல மாட்டேன். ஆனா பாத்ததைச் சொல்வேன். நம்ம ரத்தத்துல பொடிப் பொடியா ஒண்ணு இருக்கு. கை வெட்டிண்டா ரத்தத்தை நிறுத்தறதே, அது. எல்லாருக்கும் ஒண்ணரை லட்சத்துலேர்ந்து நாலு லட்சம் வரை இருக்கும். உனக்குக் கொஞ்சம் மேல இருக்கு."

"அதுதானுங்களே கேன்சரு?"

"இல்லை. குறுக்கே பேசாதே. ஒடம்புல புண்ணு இருந்தா அது ஏறும். சளி, ஜொரம், பல்லுல சீழ், எது இருந்தாலும் ஏறும். ரத்தத்துல இரும்புச் சத்து கொறைஞ்சாலும் ஏறும். ஏன் ஏறறதுன்னு எனக்குத் தெரியாது. பெரியவாளுக்கே முழுசாத் தெரியலை. ஆனா ஏறும், இரும்பைக் குடுத்தா எறங்கும். நான் எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன். உனக்கு இரும்பு இல்லை. அதனாலதான் அரிசி மெல்லச் சொல்றது. போறாததுக்கு, உன் சிவப்பு அணு ரொம்பச் சின்னதாப் போனதுனால, மெஷின் அதுலயும் கொஞ்சத்தைப் பிளேட்லெட்னு சேத்து எண்ணிடுத்து."

மாரியம்மா நெடுநேரம் யோசித்தாள். "அப்ப சாவ மாட்டனுங்களா?"

"எல்லாரும்தான் சாவோம். இதுக்காகச் சாக மாட்டே. மாத்திரை சாப்பிட்டு ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எண்ணணும். அப்பவும் எறங்கலைன்னாதான் வேற யோசிக்கணும். ஒருத்தருக்குப் பதினாலு லட்சம் இருந்தது. அவரை நானே அன்னிக்கு மத்தியானமே பெங்களூருக்குப் பஸ் ஏத்திவிட்டேன். அது வேற, இது வேற."

சித்தையன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தான்.

அடுத்த தெருவில் இருந்த பெண் டாக்டரிடம் யதுகிரியே அவர்களை அழைத்துப் போனாள். அவர் சோதித்துவிட்டு, பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எட்டு வாரத்தில் மறு சோதனை என்றார். கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஃபாக்டரியின் பட்டியல் திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. அதில் மாரியம்மாவின் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்றுதான் இருந்தது. ஒருமுறை அப்படி எழுதினால் தினக்கூலிக்கும் அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் யதுகிரி டாக்டர் பசவராஜிடம் போய் நின்றாள். இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அவர் கெட்டவர் அல்ல. மெஷினை வாங்கிய நாளிலிருந்து அவசரக்காரராகிவிட்டார், அவ்வளவுதான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம் எண்ணில் பெரிய தப்பு இல்லையே, யதுகிரி" என்றார். "ஐந்து இருபது என்றோம். நீங்கள் நாலு அறுபது என்கிறீர்கள். இரண்டுமே வரம்புக்கு மேல்தான். தகுதியில்லை என்று எழுதியது அந்த டாக்டர். நாம் எண்ணைச் சொல்கிறவர்கள்."

"எண்ணை மட்டுமா சொன்னோம்? பக்கத்தில் எச் போட்டோமே, சார். ஏன் என்று ஒரு வரி எழுதினோமா?"

"அறுபத்து நாலு பேருக்கு ஒவ்வொரு வரியாக எழுத முடியுமா?"

"முடியாது என்றால் அறுபத்து நாலு பேர் ரத்தத்தை எடுத்திருக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதமெல்லாம் எழுதித் தர முடியாது, எழுதினால் நம் ரிப்போர்ட்டை நாமே சந்தேகப்படுவதாக ஆகும், அடுத்த வருஷம் ஃபாக்டரி வேறு லேபுக்குப் போய்விடும் என்றார். யதுகிரி அதற்கு மேல் வாதாடவில்லை. வெளியே வந்து, அந்த அறுபத்து நாலு காகிதங்களின் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெண்கள் இருபத்திரண்டு பேர். அவர்களில் பதின்மூன்று பேருக்கு ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே. ஒருத்திக்கு ஏழு புள்ளி எட்டு. எல்லாக் காகிதத்திலும் மெஷின் கடமையாக எல் போட்டிருந்தது. பன்னிரண்டு பேர் 'தகுதி' பெற்றிருந்தார்கள். பதின்மூன்றாவது ஆள் மாரியம்மா.

அதைப் பார்த்தபோது வந்த கோபம் வேறு மாதிரியானது என்று பிற்பாடு அவள் மகளிடம் சொன்னாள். கத்த வேண்டும் போல இல்லை. ரத்தமில்லாமல் இருப்பதை யாரும் நோய் என்றே நினைக்கவில்லை. கூலிக்கு வரும் பெண்பிள்ளை என்றால் ஒன்பது இருக்கும், எட்டு இருக்கும், அது அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அந்த ரத்தமின்மையால் ஓர் எண் கொஞ்சம் மேலே போனதும், அதற்கு மட்டும் சிவப்பு மை.

மறுநாள் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். லேபின் பரணில் பழைய ஒற்றைக் குழல் மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. கரண்டு வேண்டாம், அடியிலிருக்கும் கண்ணாடியைச் சூரிய வெளிச்சத்துக்குத் திருப்பினால் போதும். அதை எடுத்துத் துண்டில் சுற்றி, காய்கறிப் பையில் வைத்தாள். மாரியம்மாவின் ஸ்லைடைப் பஞ்சு வைத்துச் சோப்புப் பெட்டிக்குள் போட்டாள். சிட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஹெப்பாள் பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஃபாக்டரி வரை நின்றே போனாள். கண்டக்டர் "ஏனம்மா, மகுவா?" என்று கேட்டான். அவள் பிடித்திருந்த பிடி குழந்தையைப் பிடிப்பது மாதிரித்தான் இருந்தது.

ஃபாக்டரி டாக்டரின் பெயர் நரசிம்மமூர்த்தி. அறுபதைத் தாண்டியவர், சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே செவ்வாயும் வியாழனும் வருகிறார். பெயரைக் கேட்டதும், நம் மேலுகோட்டைப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான் என்று யதுகிரிக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"அஞ்சு லட்சத்து இருபதாயிரத்துக்கு வட்டம் போட்டிருக்கேளே, ஒம்பது புள்ளி ஒண்ணைப் பாத்தேளா?"

அவருக்கு யார், எது என்று புரியவே சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் இறுகியது. "நீங்க டெக்னீஷியன்தானே?"

"ஆமாம். தப்பாக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்தாங்கோ, ஸ்லைடு கொண்டுவந்திருக்கேன். நீங்களே பாருங்கோ."

"இங்க மைக்ராஸ்கோப் எல்லாம் கிடையாதும்மா."

யதுகிரி பையைப் பிரித்தாள். ஜன்னலோரம் இருந்த மருந்து மேஜையில் டிங்சர் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, மைக்ராஸ்கோப்பை வைத்து வெளிச்சத்தைப் பிடித்தாள். வெளியே ஷிப்டு முடிந்த ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஜன்னலருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். டாக்டருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. எழுந்து வந்து குனிந்தார்.

"நான் இதைப் பாத்து முப்பது வருஷம் ஆச்சு" என்றார், குனிந்தபடியே.

"சிவப்பு அணுவைப் பாருங்கோ மொதல்ல. நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. வெளுத்திருக்கு."

"இரும்பு இல்லை. பொடி அணு அதனால ஏறியிருக்கு. பாடத்துல படிச்சிருப்பேள். மறுபடி எண்ணாம, ஏன்னு பாக்காம, ஒரே தடவை பாத்த எண்ணை வெச்சு ஒரு பொண்ணோட நாலு வருஷ வேலையை அடிச்சுட்டேளே. அவ தன் கொழந்தையைக் கொண்டுபோய் ஊர்ல விட்டுட்டு, எத்தனை நாள்னு எங்கிட்ட வந்து கேக்கறா."

டாக்டர் நிமிர்ந்தார். கோபப்படுவாரா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, பேனாவை மூடித் திறந்து மூடினார். "சந்தேகம்னுதான் எழுதினேன். பின்னால ஏதாவது ஆச்சுன்னா ஏன் பாக்கலைன்னு எங்கிட்டதான் கேப்பா."

"சந்தேகம்னா மறுபடி பாக்கச் சொல்லியிருக்கணும். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி யார் சொன்னா?"

பிறகு அவர் பட்டியலை வரவழைத்தார். 'தகுதியில்லை' என்பதை அடித்து, 'ரத்தசோகை, சிகிச்சையில் இருக்கிறார், எட்டு வாரத்தில் மறு சோதனை, அதுவரை இப்போதைய வேலையில் தொடரலாம்' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமைப் பட்டியல்ல பேர் வராது. அடுத்ததுல பாக்கலாம். இவ்வளவுதான் என்னால முடியும்."

யதுகிரி போகவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்திருந்த இன்னொரு காகிதத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். பன்னிரண்டு பெயர்கள், பென்சிலில்.

"இது என்ன?"

"இவாளுக்கும் பத்துக்குக் கீழேதான். இந்தக் கடைசிப் பொண்ணுக்கு ஏழு புள்ளி எட்டு. ஃபிட்னு எழுதியிருக்கேள்."

"அத்தனை பேரையும் நிறுத்தச் சொல்றேளா? நிறுத்தினா பெட்டி கட்ட ஆளே இருக்காது."

"நிறுத்தச் சொல்லலை. நிறுத்தினா உங்களை விடமாட்டேன். வேலையும் குடுங்கோ, மாத்திரையும் எழுதுங்கோ. எல் போட்டிருந்ததே, யாராவது ஒருத்தர் பாத்திருக்கக் கூடாதா? நானும் பாக்கலை. அதனாலதான் கேக்கறேன்."

அவர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மல்லம்மா, சித்தம்மா, கெம்பம்மா என்று வாய்விட்டே படித்தார். பாதியில் நிறுத்தி, "இந்த சித்தம்மா போன மாசம் மயக்கம் போட்டு விழுந்தா. வெயில்னு எழுதினேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதபடி சொன்னார். பிறகு மருந்துச் சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டாவது சீட்டைக் கிழிக்கும்வரை யதுகிரி நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்தபோதுதான், அவருக்கு ஒரு 'நமஸ்காரம்'கூடச் சொல்லாமல் பேசிவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.

எட்டு வாரத்துக்குப் பின், தீபாவளிக்கு முந்தைய வாரம் மாரியம்மா வந்தாள். ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி இரண்டு. பிளேட்லெட் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். மெஷினும் அதையே சொன்னது. கட்டம் போட்ட கண்ணாடியில் கையால் எண்ணியபோதும் ஏறக்குறைய அதுதான் வந்தது. "இப்ப அரிசியை வாயில வெச்சா மண்ணாட்டம் இருக்குதுங்க. இத்தன நாளா எப்படித் தின்னேன்னே தெரியல" என்றாள். பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். டிசம்பர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஆனாலும், சோற்றுத் தூக்கைத் தள்ளி வைத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் தள்ளித்தான் உட்காருகிறார்களாம். காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். "அது யாரு எழுதிக் குடுத்தாங்களோ" என்றார்களாம். யதுகிரியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடுகிறது.

டாக்டர் பசவராஜ் ஒரு மாதம் அவளோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. அவர் பயந்தபடியே, அடுத்த வருஷம் ஃபாக்டரியின் குப்பிகள் வேறு லேபுக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு நாள் அவராகவே வந்து, பிளேட்லெட்டுக்கு எச் விழுந்தால் ஸ்லைடு பார்க்காமல் காகிதம் வெளியே போக வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். "அவருக்கு நல்ல புத்தி வந்துடுத்தா?" என்று ப்ரார்த்தனா கேட்டாள். "எனக்கென்ன தெரியும். எனக்கு வேலை ஜாஸ்தியாச்சு" என்றாள் யதுகிரி.

அவளுடைய ஆத்திரம் இதனாலெல்லாம் தணிந்துவிடவில்லை. வேறு லேபுகளின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிளேட்லெட் நாலு லட்சத்து இருபதாயிரம் என்றதுமே ஒருவர் நிலத்தை மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு வந்தார். இன்னொருவர் ஆறு வாரம் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? கொஞ்சம்தான் ஏறியிருக்கு, ஏன்னு பாப்போம், மறுபடி எண்ணுவோம். இதைச் சொல்ல எந்த மெஷின் வேணும்?" என்று அவள் கேட்பது வாசல் பெஞ்சு வரை கேட்கும்.

போன வியாழக்கிழமை அந்த பெஞ்சில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். காக்கி உடுப்பு. ஐம்பது வயதுக்கு மேல். நாலு லட்சத்து எழுபதாயிரம், பக்கத்தில் எச். அவருடைய ஸ்லைடைப் பார்த்துவிட்டு, யதுகிரி காகிதத்தோடு வெளியே வந்தாள். ஜுரம் உண்டா, பல் வலி உண்டா, இருமல் உண்டா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார்.

"எங்கயாவது புண் இருக்கா?"

இல்லை என்றார். சொல்லும்போதே வலது காலை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். செருப்புக்கு மேலே, பேண்ட் விளிம்பில் அழுக்குத் துணிக்கட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. பத்து நாளாவது ஆன கட்டு. வாடை வந்தது. "வேண்டாம்மா, நாத்தமடிக்கும், நீங்க தொடாதீங்க" என்றார் அவர், இன்னும் உள்ளே இழுத்தபடி.

யதுகிரி காகிதத்தைப் பெஞ்சின்மேல் வைத்தாள். புடவையைக் கூட்டிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் வெளியே எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.